கதிரவேலர் விழுங்கிய குளிசைகள்

“வாயைத் திறவுங்கோ, ஐயா.”

கதிரவேலர் திறக்கவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீர்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். புத்தூர்ச் செம்மண் நகக்கண்ணில் ஏறி, எவ்வளவு கழுவியும் போகாமல் தங்கிவிட்ட கை. அந்தக் கையில் சற்று முன்னர்தான் நாலு மருந்துக் குளிசைகளை எண்ணி வைத்திருந்தேன். இப்போது கை வெறுமையாக இருந்தது. குளிசைகள் வயிற்றுக்குள் போயினவா, கன்னத்துக்குள் ஒதுங்கினவா என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.

“விழுங்கிப்போட்டன்,” என்றார், பல்லைக் கடித்தபடி.

“ஓம் ஐயா. ஒருக்காத் திறந்து காட்டுங்கோ. நாக்கையும் தூக்குங்கோ.”

“என்ரை அப்புகூட ஒருநாளும் என்னை வாயைத் திற எண்டு கேட்டதில்லை, தம்பி.”

சொல்லிவிட்டுத் திறந்தார். ஒரு கண்வெட்டு நேரம். வெற்றிலைக்காவி ஏறிய பல், வெளிறிய நாக்கு. உடனே மூடிக்கொண்டார். நான் மருந்து அட்டையில் அன்றைய நாளுக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

அந்தக் காலை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு மெசின் ஓடிய மண்ணெண்ணெய்ப் புகை, கிண்டிப் பரப்பியிருந்த வெங்காயத்தின் காரம், நனைந்த மண். குளிசை குடித்து அரை மணித்தியாலத்துக்கு ஒன்றும் சாப்பிடக் கூடாது. அதனால் அவருடைய வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் குசினி வாசலில் ஆறிக்கொண்டிருந்தன. அதற்கும் சேர்த்துத்தான் என்னை முறைத்தார்.

வடைக்கு மூடி

இந்தத் தொடரை இடையில் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக இருந்து இளைப்பாறியவன். ஊர் வழக்கில் பி.எச்.ஐ. தேத்தண்ணிக் கடைப் பீங்கான், கிணற்றுக் குளோரின், பூச்சாடித் தட்டில் நெளியும் நுளம்புப் புழு, தொற்றுநோய், எல்லாம் என் தலையில்தான். போன கிழமை கடைகளைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒரு பழைய கடைக்காரர் தொலைபேசியில் பிடித்தார். “உங்கடை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால்தான் ஐயா, எங்கடை வடைக்கு மூடி வாறது,” என்றார். இவ்வளவு காலமும் அதை அவர் சொல்லாமல் வைத்திருந்தது பெரிய மனசு.

கடைக்கு அந்தச் சத்தம் என்றால், வீட்டுக்கு அது வேறு. ஒரு வீட்டு வாசற்படலையில் பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நின்றால் போதும். அந்த வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்பதை மத்தியானத்துக்குள் ஊர் தீர்மானித்துவிடும். வைத்தியர்கூட அவ்வளவு வேகமாகச் சொல்லமாட்டார்.

வருத்தங்களிலும் சாதி உண்டு. நெருப்புக்காய்ச்சல் வந்தால் பாவம் என்பார்கள். மஞ்சட்காமாலை என்றால் கீழ்க்காய்நெல்லி கொண்டுவந்து தருவார்கள். சயரோகம் என்றால் கொண்டுவந்து தருவதற்கு ஆள் வராது. காசநோய் என்று நாங்கள் காகிதத்தில் எழுதுவதைத்தான் சொல்கிறேன். ஆறு மாதம் ஒழுங்காகக் குளிசை குடித்தால் சுகமாகிற வருத்தம். ஆனால் ‘சயரோகக்காரன்ரை குடும்பம்’ என்ற பெயர் மூன்று தலைமுறைக்கும் சுகமாகாது.

மதில் பாய்ந்தவன்

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் மருந்தை ஊர் முழுக்கக் கொடுத்துத் திரிந்த நான், பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த அன்று மதில் பாய்ந்து ஓடியவன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பனங்கிழங்குப் பாத்தி. விழுந்து எழும்பி வீட்டுக்கு ஓடினால் அம்மா கோபிக்கவில்லை. என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். தேடி வந்த வாத்தியாரிடம், “என்ரை பிள்ளைக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியும், நீங்கள் போங்கோ,” என்றார். அடுத்த நாள் அப்பா சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டுபோய் ஊசி போட்டுக் கொண்டுவந்தார். இருவரில் யார் சரி என்று கேட்டால் இன்றைக்கும் அப்பா என்பேன். ஆனால் கதவைச் சாத்திய அம்மாவின் பக்கத்தில் நின்றபோது எனக்கிருந்த நிம்மதியையும் மறக்க முடியவில்லை.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தார்கள். இருமல் அவனுடையது, காற்று எல்லோருடையதும். நல்ல வசனம்தான். அதை ஒரு மனிதனுடைய வளவுக்குள் நின்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வாயில் வந்த இலக்கம்

சண்டை சற்று ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலம் அது. எனக்கு முதல் நியமனம். கதிரவேலர் என் முதல் சயரோக நோயாளி. நெஞ்சு நோய்க் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. நோயாளி மருந்தகத்துக்கு வந்து குடிக்க மறுக்கிறார், நீ போய்க் கண் முன்னால் விழுங்கவைத்து அட்டையில் பதிவு செய் என்று.

முதல் இரண்டு கிழமையும் எப்படியோ போயிற்று. முறைத்தார், முணுமுணுத்தார், விழுங்கினார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதா என்று கேட்டபோது மட்டும், “கவண்மேந்துக்கு இனி அதுவும் வேணுமோ?” என்றார். மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம் ஐயா என்று விளக்கினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் கிழமை இருமல் நின்றது. அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. இந்த வருத்தத்தில் சுகமானதுபோல் தோன்றுகிற நாட்கள்தான் ஆபத்து. மருந்தை அப்போது விட்டால் கிருமி பலமெடுத்துத் திரும்பி வரும். பிறகு அந்த மருந்துக்கு அது அசையாது.

“எனக்குச் சுகம் வந்திட்டுது,” என்றார். குளிசையைக் கையில் வாங்கவே இல்லை. “உதுகள் குடிச்சால் வயித்தைப் பிரட்டுது. இனிக் குடிக்கமாட்டன்.”

“விட்டால் செத்துப்போவீங்கள், ஐயா.”

“என்ரை உடம்பு. நான் சாவன், இருப்பன். உமக்கென்ன?”

எனக்கு அப்போது முப்பதுதான் வயது. கெஞ்சிப் பார்த்தேன். படம் கீறிக் காட்டினேன். அவர் எழுந்து, பரப்பியிருந்த வெங்காயத்தை அளையப் போய்விட்டார். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த மனிதர் என் கண் முன்னால் சாகப்போகிறார் என்ற பயம். என் முதல் அட்டை பாதியில் நிற்கப்போகிறதே என்ற பயமும் அதற்குள் இருந்தது, மறைப்பானேன்.

“ஐயா, உங்களுக்குச் சட்டம் தெரியாது போலை,” என்று பின்னால் நின்று சொன்னேன். “தொற்றுநோய்ச் சட்டத்திலை பிரிவு கிடக்கு. மருந்து குடிக்காட்டி நான் ஒரு கடிதம் எழுதினால் காணும். பொலிஸ் வந்து உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலை ஆறு மாசம் பூட்டி வைக்கும்.”

பிரிவின் இலக்கத்தையும் சொன்னேன். வாயில் வந்த இலக்கம். சட்டப் புத்தகத்தை அதுவரை நான் மேலட்டையைத் தாண்டிப் பார்த்ததில்லை.

கதிரவேலர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவ்வளவு வீரமாகப் பேசிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்தால் அது மூன்றாம் முறைதான் ஸ்டார்ட் ஆனது.

பின்பக்க ஒழுங்கை

அடுத்த நாள் போனால் ஆள் இல்லை. “பட்டணத்துக்குப் போயிட்டார்,” என்றார் அவருடைய மனைவி, வேறெங்கோ பார்த்தபடி. என் மேல் முறைப்பாட்டுப் பெட்டிசம் எழுதத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். நியமனம் நிரந்தரமாகாத ஆள் நான்.

அதற்கடுத்த நாள் கிணற்றுக்கட்டில் செம்போடு இருந்தார்.

“குடிக்கிறன்,” என்றார். “கடைசி நாள் மட்டும் குடிக்கிறன். ஆனால் நீர் ஒண்டு செய்ய வேணும். உம்மடை மோட்டச்சைக்கிள் என்ரை படலையிலை நிக்கக் கூடாது. அதைச் சங்கக்கடையடியிலை விட்டிட்டுத் தோட்டத்து ஒழுங்கையாலை நடந்து வாரும். விடியமுன்னம் வந்து போனால் நல்லது.”

“ஏன் ஐயா?”

குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வசந்திக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வருது. கரவெட்டி ஆக்கள். பெடியன் வாத்தி. சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. உந்தக் கதை அவையின்ரை காதிலை விழுந்தால், என்ரை பிள்ளை இந்த வீட்டிலைதான் இருந்து நரைக்க வேணும்.”

வசந்தி அவருடைய ஒரே மகள். முன்பள்ளி ஆசிரியை. அந்தக் காலக் கணக்கில் கலியாணத்துக்குப் பிந்திய வயது. இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் அவளுக்குப் பேசிய சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயிருந்தன. நான் சரி என்றேன். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது என் கடமையும்தான்.

அன்றிலிருந்து நாளும் பொழுதும் விடிகிற நேரம், கூட்டுறவுச் சங்கக்கடையடியில் மோட்டார் சைக்கிளை விட்டு, குளிசைப் பையைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு, கிளுவை வேலிகளுக்கிடையே களவாகப் போய் வந்தேன். பனி நனைத்த புல்லில் காற்சட்டை முழங்கால்வரை ஈரமாகும். அந்த ஒழுங்கையில் எந்த வீட்டு நாய் குரைக்கும், எது வாலாட்டும் என்பதுகூட எனக்குப் பாடம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை இதுதான். கலியாணமாகாத ஒரு பெடியன். கலியாண வயதில் பெண் இருக்கிற வீடு. விடியுமுன் பின்பக்க ஒழுங்கை. எங்கள் மூவரில், கதிரவேலர், அவர் மனைவி, நான், ஒருத்தருக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? சயரோகத்தை மறைப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தோம். அந்த மறைப்பு பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று யோசிக்கவே இல்லை.

புத்தகம் வாங்கப் போனவள்

இதற்கிடையில் இன்னொரு சண்டை. ஒரு வீட்டில் சயரோகம் என்றால் கூட இருப்பவர்களையும் சோதிக்க வேண்டும். மனைவியைக் கிளினிக்குக்கு அனுப்பக் கதிரவேலர் சம்மதித்தார். வசந்தி என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“என்னை என்னெண்டாலும் செய்யும். பிள்ளையை அந்தக் கிளினிக் வாசலிலை கொண்டுபோய் இருத்தாதையும். ஆரும் கண்டால் முடிஞ்சுது.”

அந்த முறை நான் சட்டம் சொல்லவில்லை. ஏற்கெனவே சொன்ன பொய்யே போதும் என்றிருந்தது. அன்று ஒழுங்கையில் திரும்பி வரும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“கிளினிக் எத்தினை மணிக்குத் திறக்கும்?”

வசந்திதான். கையில் விளக்குமாறு.

“எட்டுக்கு,” என்றேன். “ஐயா வேண்டாமெண்டவர்.”

“எனக்கு இருபத்தொன்பது வயது. என்ரை நெஞ்சைப் பற்றி நான் முடிவெடுக்கலாம்தானே? முன்பள்ளியிலை இருபது குழந்தையள் என்ரை மடியிலை ஏறி இருக்குதுகள். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ.”

சனிக்கிழமை, பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை, கிளினிக் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சட்டம் சொல்லாமல் நான் செய்த வேலைகளில் அது ஒன்று. செய்தது நான் அல்ல, அவள்.

மதகடியில்

மூன்றாம் மாதம் அளவில், தேத்தண்ணிக் கடையில் எனக்கு வழக்கத்துக்கு மேல் மரியாதை கிடைத்தது. வடைக்கு மூடி போட்டதோடு நிற்காமல், கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் ஒழுங்கையால் வெளியே வருகிறேன், மதகில் ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, மடித்துப் போட்ட சால்வை, பக்கத்தில் சைக்கிள். கரவெட்டி மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நான் அவரை மனதுக்குள் கரவெட்டியார் என்று வைத்துக்கொண்டேன். பேசுவதில் கத்திரிக்காய் வெட்டுவதுபோல் நேர்த்தி.

“தம்பி, ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கக் கூடாது.”

“கேளுங்கோ.”

“கதிரவேலற்றை வீட்டுக்குத்தானே போட்டு வாறீர்?”

“ஓம்.”

“என்ன அலுவல்?”

“அரசாங்க வேலை.”

“விடியமுன்னம், பின்பக்கத்தாலை?”

மென்று விழுங்கினேன். “கிணத்துக்கு மருந்து போட.”

“ஒவ்வொரு நாளுமோ?”

அவர் அவசரப்படவில்லை. சால்வையை மறுபடி மடித்தார்.

“நான் உம்மைக் குறை சொல்ல வரேல்லை,” என்றார். “நீரும் உத்தியோகம் பாக்கிற பெடியன். உமக்கு அந்தப் பிள்ளையிலை விருப்பமெண்டால் சொல்லும், நாங்கள் விலகிப் போறம். இல்லையெண்டால் ஏன் போறீரெண்டு சொல்லும். இரண்டிலை ஒண்டு தெரியாமல் நான் என்ரை மருமோனுக்கு என்னத்தைச் சொல்ல?”

நியாயமான கேள்வி. என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் சயரோகம் வெளியே வரும், சம்பந்தம் போகும், நோயாளியின் இரகசியத்தை விற்றவன் ஆவேன். சொல்லாவிட்டால் வசந்தியின் பெயர் போகும், சம்பந்தமும் போகும். எதைச் சொன்னாலும் அந்தப் பெண்ணின் வாழ்வில்தான் இடி விழும். மருந்து கொடுக்க வந்தவன் நான்.

“எனக்கு மச்சாள் பேசிக் கிடக்கு, ஐயா,” என்றேன். “அந்தப் பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. அதுக்கு மேலை என்னாலை சொல்லேலாது.”

“சொல்லேலாதெண்டால் ஏதோ கிடக்கெண்டுதானே அர்த்தம்,” என்று அவர் சைக்கிளை எடுத்தார்.

(இதை எழுதி முடித்து வீட்டில் வாசித்துக் காட்டியபோது, அன்று பேசிக் கிடந்த அந்த மச்சாள், இன்றைய என் மனைவி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: “உந்தக் கதை கொக்குவிலிலை எங்கடை வீட்டுக்கும் அப்பவே வந்தது. நான்தான் கேக்காமல் விட்டனான்.” கலியாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்படி ஒரு குண்டு.)

முன்பக்கப் படலை

அடுத்த விடியல், குளிசை கொடுக்கும் முன்பே கதிரவேலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நாலு குளிசையையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் கேட்காமலே வாயைத் திறந்தார். நாக்கையும் தூக்கினார். பிறகு செம்பைக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்தார்.

“ஊர் வாயை மூட உலைமூடி இல்லை,” என்றார். “நாளைக்கு ஆறரைக்கு வாரும். ஒழுங்கையாலை வேண்டாம். மோட்டச்சைக்கிளைக் கொண்டுவந்து என்ரை படலையிலை விடும். சத்தமாக் கொண்டுவந்து விடும்.”

மறுநாள் போனபோது படலை இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. நடு முற்றத்தில், தெருவைப் பார்த்தபடி ஒரு கதிரை. அதில் கதிரவேலர். தோய்த்த வேட்டி, திருநீறு. பக்கத்தில் போட்டிருந்த மர வாங்கில் கரவெட்டியார். சொல்லி அனுப்பி வரவழைத்திருக்கிறார்.

ஆறரை மணிக்குப் புத்தூர்த் தெருவில் எவ்வளவு சனம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிறவர்கள், பால் போத்தில்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள், முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் கதிரவேலரின் படலையில் நின்றதும் தெருவும் நின்றது.

“தாரும்,” என்று கையை நீட்டினார்.

நாலு குளிசையை எண்ணி வைத்தேன். ஒவ்வொன்றாக, எல்லோரும் பார்க்க, விழுங்கினார். பிறகு தெருப் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை ஆவென்று திறந்தார். நாக்கைத் தூக்கினார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். என் முன்னால் ஒரு கண்வெட்டு நேரம் திறக்க மறுத்த அதே வாய். அந்த இடத்தில் நின்று நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

“சயரோகம்,” என்றார். சத்தம் போடவில்லை, ஆனால் படலைவரை கேட்டது. “எனக்கு. மூண்டு மாசம் குடிச்சிட்டன், இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இப்ப சளியிலை கிருமி இல்லையாம். இந்தப் பெடியன் அதுக்குத்தான் வாறவர். பின்னாலை வரச் சொன்னது நான். வேறை ஆருக்கும் ஏதும் கேக்கக் கிடக்கோ?”

ஒருவருக்கும் கேட்கக் கிடக்கவில்லை. பால் போத்தில்காரர்தான் முதலில் நகர்ந்தார்.

கரவெட்டியார் மட்டும் தொண்டையைச் செருமினார். “பிள்ளைக்கு?”

கதிரவேலரின் முகம் சுருங்கியது. அதற்குள் வசந்தி உள்ளேயிருந்து வந்து, ஒரு பழுப்புக் கடித உறையைக் கரவெட்டியாரின் கையில் வைத்தாள். அவர் எக்ஸ்ரேயை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். விளங்கியிருக்காது, கூட இருந்த துண்டில் எழுதியிருந்ததை வாசித்தார்.

கதிரவேலர் மகளைப் பார்த்தார். “புத்தகம் வாங்கப் போனது இதுக்கோ?”

“ஓம்.”

கதிரவேலர் வேட்டித் தலைப்பால் வாயைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரவெட்டியார் எழுந்து என்னிடம் வந்தார். “தம்பி, கடைசிக் குளிசை எண்டைக்கு?”

திகதி சொன்னேன். அவர் சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். “சரி,” என்றார் கதிரவேலரைப் பார்த்து. “அதுக்குப் பிறகு வாற முகூர்த்தத்தைப் பாப்பம். வருத்தத்தைத் தெருவுக்குக் காட்டின மனிசன் நீர், வேறை எதையும் எங்களுக்கு ஒளிக்கமாட்டீர்.”

கலியாணத்துக்குச் சாத்திரியாரிடம் போவதற்கு முன் பி.எச்.ஐ.யிடம் நாள் கேட்டது, யாழ்ப்பாணத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கொக்குவிலில் ஒரு தாள்

இந்தக் கதையை நான் எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் வகுப்புகளில் விசேஷமாக. சட்டம் சொல்லி வெருட்டிய இடத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். ‘மனிசரைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லலாம்’ என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

பிறகு பெருந்தொற்று வந்தது. நான் இளைப்பாறிக் கொக்குவில் வீட்டோடு இருந்த காலம். ஒரு நாள் காலை என் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இளம் பரிசோதகர் ஒருவர் பசை பூசித் தாளொன்றை ஒட்டினார். இந்த வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது, இங்கிருந்து யாரும் வரக் கூடாது. “சேர், நீங்களும் உந்த வேலை செய்தனீங்கள்தானே, விளங்கும்,” என்றார்.

விளங்கியது. மதிலுக்கு மேலால் கதைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் அன்று கதைக்கவில்லை. பால்காரர் போத்திலைத் தெருவில் வைத்துவிட்டுப் பெல் அடித்துப் போனார். யன்னலால் பார்த்தால், தாளின் ஓரத்தில் பசை வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் மற்றவர்களின் படலையில் நின்றவனுக்கு, உள்ளே இருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் கதிரவேலரை நினைத்தேன். ஒரு நாளைக்காவது போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், போகவில்லை.

வாய்க்கரிசி

அண்மையில் கதிரவேலர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. தொண்ணூறு தாண்டிய வயது. நெஞ்சு வருத்தம் ஒன்றுமில்லை, படுத்த படுக்கையில் நித்திரையோடு.

புத்தூர் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கையில் கிளுவை வேலி போய் மதில் வந்திருந்தது. கிணற்றுக்கட்டு அப்படியே இருந்தது. பறை ஒரு பக்கம், தேவாரம் ஒரு பக்கம். கரவெட்டியிலிருந்து வந்திருந்த வசந்திக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“அண்ணை, அப்பா உங்களைப் பற்றி ஒரு கதை சொல்லுறவர். உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.”

“படலை கதையோ?”

“இல்லை. நீங்கள் சட்டம் சொல்லி வெருட்டினது. அடுத்த நாள் அப்பா பட்டணத்துக்குப் போனவரெல்லோ? சட்டம் தெரிஞ்ச நொத்தாரிசு ஒருத்தரிட்டைத்தான் போனவர். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பாத்திட்டு, நீங்கள் சொன்ன பிரிவே இல்லை, பெடியன் உம்மைப் பேய்க்காட்டியிருக்கிறான், வேணுமெண்டால் பெட்டிசம் எழுதுவம், ஆளுக்கு வேலை போயிடும் எண்டவராம்.”

முப்பது வருடத்துக்குப் பிறகு என் காது சுட்டது.

“அப்ப ஐயாவுக்குத் தெரியுமோ?”

“முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் விழுங்கினவர்?”

“நானும் கேட்டனான்,” என்றாள். “‘அந்தப் பெடியனுக்கு என்னாலை என்ன லாபம்? ஆரெண்டே தெரியாத என்னைச் சாக விடக் கூடாதெண்டு, தன்ரை வேலை போற பொய்யைச் சொல்லிக்கொண்டு நிக்கிறான். அவன்ரை முகத்துக்காண்டிக் குடிப்பமெண்டு நினைச்சன்’ எண்டவர்.”

முற்றத்தில் கிடந்த வாங்கில் போய் இருந்தேன். அரசாங்கத்தின் பெயரால் அவரை விழுங்கவைத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வகுப்பெடுத்தேன். ஒவ்வொரு விடியலும் அந்தக் கிணற்றுக்கட்டில் முடிவெடுத்தவர் அவர். என் பொய்யை எனக்குத் தெரியாமல் ஆறு மாதம் காப்பாற்றியவரும் அவர். ‘உமக்கென்ன?’ என்று கேட்டவர், எனக்கு என்ன என்பதைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரு சொல் சொல்லவில்லை.

கிரியை முடிகிற நேரம், உரித்துக்காரர்கள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். எனக்கு அந்த வீட்டில் உரித்து ஒன்றுமில்லை. வசந்தி அரிசித் தட்டத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணை, நீங்களும் போடுங்கோ.”

குனிந்தேன். முகம் தெளிவாக இருந்தது. வாய் இறுக்கமாக மூடியிருந்தது. நகக்கண்ணில் அந்தச் செம்மண் அப்படியே. அரிசியை எடுத்த என் விரல்கள், பழக்கத்தில், நாலு என்று எண்ணின.

‘திறவுங்கோ’ என்று நாக்கின் நுனிவரை வந்த சொல்லைச் சொல்லாமல், அரிசியை அவர் உதட்டின் மேல் மெல்ல வைத்தேன்.